‘இடியட்’ங்கிறது கெட்ட வார்த்தையே இல்லைன்னு மாமனார் சொல்றாரு, என் பையன் அதை தினமும் கேக்குறான்

இந்த வாரம் எடுத்துக்கிட்ட கடிதம் காவிரிக்கரையில ஒரு சின்ன ஊர்ல இருந்து ஒரு அம்மா எழுதினது. ஊர், பேர், வேலை எல்லாத்தையும் எடுத்துட்டேன், விஷயத்தை மட்டும் சுருக்கமா சொல்றேன்.

அவங்களுக்கு வயசு 36. பையனுக்கு 9, நாலாங்கிளாஸ் படிக்கிறான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறது இன்னும் வரல, கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு வரல, ஸ்கூல்ல சொல்லி போன மாசம் டெஸ்ட் எடுத்திருக்காங்க, ‘மைல்ட் இன்டெலெக்சுவல் டிஸபிலிட்டி’, அதாவது லேசான அறிவுத்திறன் குறைபாடுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு, ஐக்யூ 60க்கு கொஞ்சம் மேல. கூட்டுக்குடும்பம். மாமனார் ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார், பேரன்னா உயிர், ஆனா வீட்டுப்பாடம் சொல்லிக் குடுக்க உக்காந்தா அஞ்சாவது நிமிஷத்துல வாயில வர்றது ‘இடியட்’. இவங்க தயங்கித் தயங்கி கேட்டதுக்கு “அது கெட்ட வார்த்தை இல்லம்மா, கிரேக்க வார்த்தை, சாதாரண குடிமகன்னு தான் அர்த்தம், ஏதென்ஸ்ல ஓட்டுப் போடாதவனை அப்படி சொல்லுவாங்க”ன்னு பாடம் எடுத்திருக்காரு. கணவர் “நாங்களும் அதைக் கேட்டு தான் வளர்ந்தோம்”னு முடிச்சிட்டாரு. டியூஷன்ல டீச்சர் இருபது பிள்ளைங்க முன்னாடி அதே வார்த்தையை சொல்லி பெஞ்ச் மேல நிக்க வைக்கிறாங்க.

இதுக்கு நடுவுல இவங்க ஒரு ராத்திரி தூக்கம் வராம ஃபோன்ல தேடியிருக்காங்க. பழைய சைக்காலஜி புத்தகத்தோட ஒரு பக்கம் வந்திருக்கு, அதுல ‘இடியட்’ங்கிறது டாக்டருங்க போடுற வகைன்னு ஐக்யூ நம்பரோட அட்டவணை. “அப்போ என் பிள்ளைக்கு மெடிக்கலாவே அதுதான் பேரா டாக்டர்?”னு கேக்குறாங்க. கணவரோட தம்பிக்கு 44 வயசு, 1990கள்ல வாங்கின சர்டிபிகேட்ல ‘மென்டல் ரிடார்டேஷன்’னு இருக்கு, பையனுக்கு வேற பேர் போட்டிருக்காங்க, ரெண்டும் வேற வேற நோயா? யூடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு குடுக்கிற அடையாள அட்டை, எடுக்கச் சொல்றாங்க, கணவர் முத்திரை குத்தின மாதிரி ஆயிடும்னு வேண்டாங்குறாரு. கடைசி வரி மட்டும் அவங்க எழுதினபடியே: “போன வாரம் அவனே கேட்டான், அம்மா இடியட்னா என்னம்மான்னு. நான் பாத்ரூமுக்குள்ள போய் அழுதுட்டு வந்தேன். இன்னும் பதில் சொல்லல.”

அன்பு சகோதரி,

முதல்ல அந்த ராத்திரி பாத்த அட்டவணையை முடிச்சிடுவோம், அது தான் உங்களை தூங்க விடல. அது பொய் இல்ல, ஒரு காலத்துல நிஜமா இருந்தது தான். 1905ல பாரிஸ்ல ஆல்ஃபிரட் பினே, சைமன்னு ரெண்டு பேர், ஸ்கூல்ல எந்தப் பிள்ளைக்கு கூடுதல் உதவி வேணும்னு கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் உண்டாக்கினாங்க. அமெரிக்காவுல நியூஜெர்ஸியில வைன்லேண்டுங்கிற ஊர்ல இந்த மாதிரி பிள்ளைங்களுக்கான ஒரு ட்ரெய்னிங் ஸ்கூல், அங்க ஆராய்ச்சி பண்ணின ஹென்றி காடர்ட் அந்த டெஸ்டை அமெரிக்காவுக்கு கொண்டு வந்து, 1910ல மூணு படி போட்டாரு. மனசு வளர்ச்சி மூணு வயசுக்கு கீழ நின்னுட்டவங்க இடியட், மூணுல இருந்து ஏழு வரை இம்பெசைல், எட்டுல இருந்து பன்னெண்டு வரை மோரான். அந்த மூணாவது வார்த்தையை அவரே கிரேக்கத்துல இருந்து எடுத்து புதுசா உண்டாக்கினாரு. அதுக்கு அப்புறம் வந்த புத்தகங்கள்ல இதையே ஐக்யூ நம்பரா மாத்திப் போட்டாங்க, நீங்க பாத்தது அதைத்தான்.

அதனால நேரா சொல்றேன். அந்தப் பழைய கட்டத்துப்படியே பாத்தாலும் உங்க பையன் ‘இடியட்’ வகையில வரமாட்டான், அது தன் கையால சாப்பிடவும் பேசவும் முடியாத அளவுக்கு உள்ளவங்களுக்கு போட்ட பேர். ஆனா இதை ஆறுதலா எடுத்துக்காதீங்க, ஏன்னா அதே கட்டத்துல அவனுக்கு அந்த மூணாவது பேரை எழுதியிருப்பாங்க. ஆறுதல் வேற இடத்துல இருக்கு. இன்னைக்கு எந்த டாக்டரும் எந்த சைக்காலஜிஸ்டும் அந்த மூணு வார்த்தையில ஒண்ணைக் கூட ரிப்போர்ட்ல எழுத மாட்டாங்க, அந்த அட்டவணை செத்துப்போய் பல வருஷம் ஆச்சு. உங்க பையன் ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கோ அது மட்டும் தான் அவனோட விஷயம்.

இப்போ உங்க மாமனார் சொன்னதுக்கு வர்றேன். அவர் பாதி சரி, அதனால தான் உங்களால எதிர்த்துப் பேச முடியல. இடியட்டுக்கு மூலம் இடியோட்டேஸ்ங்கிற கிரேக்க வார்த்தை, அது ‘தன்னோட, தனிப்பட்ட’ங்கிற அர்த்தம் உள்ள இடியோஸ்ல இருந்து வந்தது. பதவியில இல்லாத தனி மனுஷன், ஒரு தொழிலோட நுணுக்கம் தெரியாதவன், டாக்டர் இல்லாத சாதாரண ஆள், இதெல்லாம் இடியோட்டேஸ் தான். ஓட்டுப் போடாதவனை திட்டுற வார்த்தைன்னு வாட்ஸ்அப்ல சுத்துறது மிகைப்படுத்தினது, பெரும்பாலும் அது திட்டே இல்ல, சும்மா ஒரு அடையாளம். பைபிள்லயே வருது, அப்போஸ்தலர் நடபடிகள் நாலாம் அதிகாரத்துல பேதுருவையும் யோவானையும் பாத்து பெரிய மனுஷங்க ஆச்சரியப்படுறாங்க, இவங்க படிக்காதவங்களாச்சே, சாதாரண ஆளுங்களாச்சே, இவ்வளவு தைரியமா பேசுறாங்களேன்னு. அந்த ‘சாதாரண ஆளுங்க’ங்கிற இடத்துல மூலத்துல இருக்கிறது இதே வார்த்தை தான். நம்ம பழைய தமிழ் பைபிள்ல அதை ‘பேதைமையுள்ளவர்கள்’னு மொழிபெயர்த்திருக்காங்க. மீனவங்களை சொன்ன ஒரு வார்த்தை தமிழுக்கு வரும்போதே அறிவுக்குறைவு பக்கம் சாஞ்சிடுச்சு பாருங்க.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது 1450ல ஜெர்மன்காரர் ஒருத்தர், குஸா நிக்கோலஸ்னு ஒரு கர்தினால், லத்தீன்ல எழுதின உரையாடல்கள். அதுல வர்ற முக்கியமான ஆளுக்கு பேரே இடியோட்டா தான். அவன் மரக்கரண்டி செதுக்குறவன், பெரிய படிப்பு கிடையாது, ஆனா தத்துவம் படிச்சவங்க அவன்கிட்ட வந்து உக்காந்து மனசுன்னா என்ன, ஞானம்னா என்னன்னு கத்துக்கிறாங்க. அவன் கையில இருக்கிற கரண்டியைக் காட்டியே பதில் சொல்றான். வாத்தியாரய்யாவுக்கு இதை சொல்லுங்க, அவர் வாத்தியாரா இருந்தவர், ரசிப்பாரு.

ஆனா கதை அங்க நின்னுடல, அவர் விட்டுட்ட பாதி இதுக்கு அப்புறம் தான் இருக்கு. இங்கிலாந்துல இந்த வார்த்தையை கோர்ட்டு எடுத்துக்கிச்சு. பிறவியிலேயே புத்தி வளராதவன்னு ஒருத்தனை முடிவு பண்ணிட்டா அவன் நிலம் ராஜா கைக்கு போயிடும், அதுல வர்ற வருமானமும் அவன் சாப்பாட்டு துணிமணி செலவு போக ராஜாவுக்குத் தான். நடுவுல புத்தி பேதலிச்சவனா இருந்தா அவன் சொத்தை ராஜா பாதுகாக்கணும், லாபம் எடுக்கக் கூடாது. அப்போ ஒருத்தன் இதா அதாங்கிறதுல பணம் இருக்கு இல்லையா, அதனால அதுக்கு ஒரு பரீட்சை வேணும். 1534ல ஃபிட்ஸ்ஹெர்பர்ட்ங்கிற நீதிபதி எழுதி வச்சாரு: இருபது பென்ஸ் காசு எண்ணத் தெரியாதவன், அப்பா அம்மா யாருன்னு சொல்லத் தெரியாதவன், தன் வயசு சொல்லத் தெரியாதவன், அவன் இடியட்.

உங்க கடிதத்துல ரெண்டாம் பக்கத்துல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, ஞாபகம் இருக்கா? சாயங்காலம் பால் பாக்கெட் வாங்க அவனைத் தான் அனுப்புவேன், அம்பது ரூபா குடுத்தா மீதியை கையில இறுக்கிப் பிடிச்சு கொண்டு வருவான், எண்ணத் தெரியாது, ஆனா இருபது ரூபா நோட்டு எது பத்து ரூபா நோட்டு எதுன்னு கலரை வச்சு சொல்லுவான், கடைக்கார அண்ணன் ஒரு நாள் கம்மியா குடுத்தப்ப கடையை விட்டு நகரவே இல்லன்னு. அதைப் படிச்சப்ப எனக்கு அந்த இருபது பென்ஸ் தான் ஞாபகம் வந்துச்சு. ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நீதிபதி முன்னாடி நிறுத்தியிருந்தாலும், எண்ணத் தெரியாட்டியும் காசு குறைஞ்சதைக் கண்டுபிடிக்கிற உங்க பிள்ளை அந்த வார்த்தையில இருந்து தப்பிச்சிருப்பான்னு தான் எனக்குத் தோணுது.

நம்ம நாட்டுக்கும் இந்த சட்ட வார்த்தை வந்துச்சு. 1912ல வெள்ளைக்காரங்க போட்ட லூனசி சட்டத்துல ‘இடியட்’ அச்சுலயே இருக்கு, அந்த சட்டத்தை நீக்கிட்டு அதுக்குப் பதிலா வந்த 1987ம் வருஷ மனநல சட்டம் அமலுக்கு வந்ததே 1993ல தான். உங்க மாமனார் வேலையில இருந்த காலத்துலயே அது இந்தியாவுல சட்ட வார்த்தை, கிரேக்கத்து குடிமகன் இல்ல.

டாக்டருங்க கைக்கு வந்தப்ப நல்லதும் நடந்துச்சு, கெட்டதும் நடந்துச்சு. 1840கள்ல பாரிஸ்ல எதுவார் செகான்னு ஒருத்தர், எல்லாரும் கைவிட்ட பிள்ளைங்களை உக்கார வச்சு கையால தொட்டு, மரக்கட்டையை அடுக்கி, படி ஏறி இறங்கி கத்துக்குடுத்தாரு, அவங்களால கத்துக்க முடியும்னு காட்டினாரு. இன்னைக்கு ஊருக்கு ஊர் இருக்கிற மான்டிசோரி ஸ்கூலோட பொருட்கள்ல பலதுக்கு விதை அவர் போட்டது. அவர் புத்தகத் தலைப்புல இருந்தது ‘இடியட்’ தான், ஆனா அவர் வாயில அது திட்டு இல்ல, தான் வேலை செய்ற பிள்ளைங்களோட பேர்.

காடர்டோட மூணு படிக்கு அப்புறம் நிலைமை மோசமாச்சு. அந்த வார்த்தைகளை வச்சு பிள்ளை பெத்துக்கக் கூடாதுன்னு முடிவு பண்றது இன்னும் பரவிச்சு. வர்ஜீனியாவுல கேரி பக்னு ஒரு இளம்பெண், அவங்க அம்மா, அவங்களோட கைக்குழந்தை, மூணு பேரையும் புத்தி குறைஞ்சவங்கன்னு சொல்லி, கேரிக்கு கட்டாயமா கருத்தடை ஆபரேஷன் பண்ணலாம்னு 1927ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு குடுத்துச்சு. நீதிபதி ஹோம்ஸ் எழுதின வரி, மூணு தலைமுறை இம்பெசைல்கள் போதும்னு. அந்தக் கைக்குழந்தை அப்புறம் ஸ்கூலுக்குப் போச்சு, நல்லா படிச்ச பிள்ளைங்க லிஸ்ட்ல பேர் வந்துச்சு, எட்டு வயசுல நோய்ல செத்துப்போச்சு. எனக்கு இதை எப்போ சொன்னாலும் குரல் கம்மும். ஒரு டாக்டர் வார்த்தை, ஒரு கோர்ட்டு வார்த்தை, ஒரு வீட்டுல திட்டுற வார்த்தை, மூணும் ஒண்ணா ஒரு பொண்ணு மேல விழுந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு இது சாட்சி.

சகோதரி, ஒரு வார்த்தை எங்க பொறந்துச்சுங்கிறது அதோட ஜாதகம், அவ்வளவுதான். உங்க பையன் காதுல விழுறது அதோட இன்னைய அர்த்தம். ஜாதகத்தைக் காட்டி இன்னைக்கு நடக்கிறதுக்கு நியாயம் சொல்ல முடியாது.

பேர் மாறினா நோய் மாறுமா

மாறாது. உங்க கொழுந்தனாரோட சர்டிபிகேட்ல இருக்கிற ‘மென்டல் ரிடார்டேஷன்’னும் பையனோட ‘இன்டெலெக்சுவல் டிஸபிலிட்டி’யும் ஒரே நிலைக்கு ரெண்டு காலத்துல வச்ச பேர். அதுலயும் ரெண்டு பேருக்கும் அளவு வேற வேறயா இருக்கலாம், மைல்டா, மாடரேட்டாங்கிறது தனித்தனி ஆளைப் பொறுத்தது. இன்னொண்ணு, இதை நோய்னு சொல்லாதீங்க, மருந்து குடுத்து சரியாக்குற விஷயம் இல்ல, மூளை டானிக்னு யாராவது வித்தா காசைக் குடுக்காதீங்க. கத்துக்கிற வேகம் கம்மி, சில விஷயம் கடைசி வரை கஷ்டமா இருக்கும், ஆனா பயிற்சி குடுக்கக் குடுக்க திறமை கூடும்.

1995ம் வருஷ சட்டத்துல ‘மென்டல் ரிடார்டேஷன்’னு தான் இருந்துச்சு, 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அதை எடுத்துட்டு ‘இன்டெலெக்சுவல் டிஸபிலிட்டி’ன்னு போட்டாங்க. 1990கள்ல நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல நூத்துக்கணக்கான ரிப்போர்ட்ல என் கையாலேயே அந்தப் பழைய பேரை எழுதி கையெழுத்து போட்டிருக்கேன். அப்போ அது தான் மரியாதையான வார்த்தை, லத்தீன்ல ‘மெதுவாகுறது’ன்னு அர்த்தம், இடியட் மோரானை எல்லாம் விரட்ட வந்த வார்த்தை அது. அப்புறம் அமெரிக்காவுல பிள்ளைங்க ஸ்கூல் கிரவுண்டுல அதையே ‘ரிடார்ட்’னு சுருக்கி திட்ட ஆரம்பிச்சாங்க. ரோசான்னு மேரிலாண்டைச் சேர்ந்த ஒரு சின்னப் பொண்ணு, டவுன் சிண்ட்ரோம் உள்ளவ, அவங்க குடும்பம் இந்த வார்த்தை வேண்டாம்னு போராடி, 2010 அக்டோபர்ல ஒபாமா ஒரு சட்டத்துல கையெழுத்து போட்டாரு, அந்த நாட்டு மத்திய அரசோட சுகாதாரம், கல்வி, வேலை சம்பந்தப்பட்ட சட்டங்கள்ல இருந்து அந்த வார்த்தை போச்சு. ரோசாவோட அண்ணன் ஒரு வரி சொன்னான், ஒருத்தரை எப்படி கூப்பிடுறோமோ அப்படித்தான் நடத்துவோம்னு. சின்னப் பையன் சொன்னது, ஆனா என் முப்பது வருஷ அனுபவமும் அதுதான்.

இந்தத் துறையில பழமையான ஒரு அமெரிக்க சங்கம் இருக்கு, 1876ல ஆரம்பிச்சது, முதல் தலைவர் நான் மேல சொன்ன செகான் தான். அதோட பேர்ல ஆரம்பத்துல ‘இடியாட்டிக்’னு இருந்துச்சு, 1906ல எடுத்துட்டு ‘ஃபீபிள் மைண்டட்’ மட்டும், 1933ல ‘மென்டல் டெஃபிஷியன்சி’, 1987ல ‘மென்டல் ரிடார்டேஷன்’, 2007ல ‘இன்டெலெக்சுவல் அண்ட் டெவலப்மென்டல் டிஸபிலிட்டீஸ்’. ஒரே சங்கம், ஒரே வேலை, அஞ்சு பேர். நம்ம ஊர்லயும் செகந்திராபாத்ல இருக்கிற தேசிய நிறுவனத்துக்கு 1984ல வச்ச பேர்ல ‘மென்டலி ஹேண்டிகேப்டு’ இருந்துச்சு, இப்போ இல்ல.

உங்க கணவர் இதைப் படிச்சா கேப்பாரு, பாத்திரத்தை மாத்திட்டா உள்ள இருக்கிறது மாறிடுமா, நாளைக்கு புதுப்பேரும் திட்டாயிடாதான்னு. ஆகும். தமிழ்லயே பாருங்க, ‘மென்டல்’ங்கிறது இங்கிலீஷ்ல மனசு சம்பந்தப்பட்டதுன்னு மட்டும் தான் அர்த்தம், நம்ம தெருவுல அது என்னவா இருக்குன்னு உங்களுக்கே தெரியும். ‘ஸ்பெஷல்’ங்கிற வார்த்தையைக் கூட கேலியா சொல்ற பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன். ஆனாலும் மாத்தத்தான் வேணும்ங்கிறது என் கருத்து. அழுக்காகும்னு தெரிஞ்சும் துணி துவைக்கிறோம் இல்லையா. அதோட, புதுப்பேர் திட்டா மாறாம கொஞ்ச நாளாவது இருக்கிறது வீட்டுல நாம அதை எப்படி சொல்றோங்கிறதுல தான் இருக்கு.

கார்டு எடுக்கலாமா வேண்டாமா

எடுங்க. ஆனா உங்க கணவர் பயத்தை அசட்டையா தள்ளாதீங்க, மேல கேரி பக் கதையை சொன்னேனே, பேர் எழுதின காகிதத்தைப் பாத்து பயப்படுறதுக்கு உலகத்துல காரணம் இருக்கு. வித்தியாசம் என்னன்னா அன்னைக்கு அந்தக் காகிதம் உரிமையை பறிக்க எழுதினது, இன்னைக்கு இது உரிமையை கேக்க எழுதுறது. யூடிஐடி கார்டு நெத்தியில ஒட்டுற ஸ்டிக்கர் இல்ல, உங்க பீரோவுல இருக்கும், எங்க காட்டணும்னு நீங்க முடிவு பண்றீங்க. தெருவுக்கும் சொந்தக்காரங்களுக்கும் அது தெரிய வேண்டிய அவசியமே இல்ல.

மைல்ட்னு வந்தா நம்ம நாட்டு விதிப்படி 50 சதவீதம்னு போடுவாங்க, சலுகைக்கு வேண்டிய அளவு 40, அதனால அவன் அதுக்குள்ள வருவான். 6ல இருந்து 18 வயசு வரை இலவசக் கல்வி அவன் உரிமை, பக்கத்து ஸ்கூலா ஸ்பெஷல் ஸ்கூலாங்கிறது உங்க விருப்பம். பப்ளிக் பரீட்சை வரும்போது கூடுதல் நேரம், எழுதித்தர ஆள் இதெல்லாம் கேக்கலாம். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டோட நிராமயா இன்சூரன்ஸ்ல வருஷத்துக்கு 1 லட்சம் வரை மருத்துவச் செலவு, வருமான வரியை பழைய முறையில கட்டினா உங்க கணவருக்கு வருமானத்துல 75,000 கழிவு. எடுக்கலைன்னா என்ன ஆபத்துன்னா, பத்தாவது வரும்போது அவசரத்துல ஓடுவீங்க, அதுவரை ஸ்கூல்ல ‘படிக்க மாட்டேங்குறான்’ங்கிற பேர் தான் இருக்கும். கார்டு இல்லாத பிள்ளைக்கு முத்திரை இல்லைன்னு நினைக்கிறது தப்பு, அவனுக்கு ஏற்கெனவே ஒரு முத்திரை தினமும் விழுது, அதைப் பத்தி தானே நீங்க கடிதமே எழுதியிருக்கீங்க.

ஆன்லைன்ல விண்ணப்பிச்சுட்டு உங்க மாவட்ட ஆஸ்பத்திரி மெடிக்கல் போர்டுக்கு போகணும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேட்டா வழி சொல்லுவாங்க. அங்க விஎஸ்எம்எஸ்னு ஒரு கேள்வித்தாள் போடுவாங்க, தானா டிரஸ் போடுவானா, கடைக்குப் போய் சின்ன சாமான் வாங்குவானாங்கிற மாதிரி அன்றாட விஷயங்கள், அம்மாகிட்ட தான் கேப்பாங்க. அதோட முதல் எழுத்து ‘வி’ என்ன தெரியுமா, வைன்லேண்டு. காடர்ட் மூணு படி போட்ட அதே ஊர், அதே ஸ்கூல், அவருக்கு அப்புறம் வந்த எட்கர் டால் 1935ல உண்டாக்கினது. நம்பரை மட்டும் பாக்காதே, பிள்ளை வாழ்க்கையில என்ன செய்றான்னும் பாருன்னு சொல்ற அளவுகோல் அது. அங்க போறப்ப பால் பாக்கெட் கதையை மறக்காம சொல்லுங்க, ‘எண்ணத் தெரியாது’ங்கிறதோட நிறுத்திடாதீங்க.

டியூஷன் டீச்சர் விஷயம்

2016 சட்டத்துல 92வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. மாற்றுத்திறனாளி ஒருத்தரை பொது இடத்துல, நாலு பேர் பாக்குற மாதிரி, அவமானப்படுத்தணும்னே வேணும்னு இழிவாப் பேசினா 6 மாசத்துல இருந்து 5 வருஷம் வரை ஜெயில், அபராதமும் உண்டு. ஸ்கூல்ல நடந்தா கல்வி உரிமைச் சட்டத்தோட 17வது பிரிவும் மன ரீதியா துன்புறுத்துறதை தடை பண்ணுது. சுப்ரீம் கோர்ட்டும் 2024 ஜூலையில ஒரு தீர்ப்புல ‘கிரிப்பிள்’, ‘ஸ்பாஸ்டிக்’ மாதிரி வார்த்தைகள் இழிவான அர்த்தத்துக்கு போயிட்டதை சொல்லி, அதைத் தவிர்க்கணும்னு எழுதியிருக்காங்க. அதனால நீங்க ‘ஓவர் சென்சிட்டிவ்’ இல்ல.

ஆனா நான் உங்களை நேரா போலீஸுக்கு போகச் சொல்ல மாட்டேன். ‘அவமானப்படுத்தணும்னே’ங்கிறதை நிரூபிக்கணும், அந்த டீச்சருக்கு பையனோட ரிப்போர்ட்டே தெரியாது, வாய்ப்பழக்கத்துல சொல்றாங்கன்னு தான் உங்க கடிதத்துல இருந்து எனக்குப் படுது. முதல்ல தனியா போய் உக்காந்து விஷயத்தை சொல்லுங்க, பெஞ்ச் மேல நிக்க வைக்கிறதும் அந்த வார்த்தையும் நிக்கணும்னு மரியாதையா, ஆனா தெளிவா சொல்லுங்க. ஒரு வாரம் பாருங்க. நிக்கலைன்னா டியூஷனை விட்டுடுங்க, அந்தக் காசுக்கு ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர்கிட்ட வாரம் ரெண்டு நாள் அனுப்புறது அவனுக்கு பத்து மடங்கு நல்லது. தெரிஞ்சே பண்றாங்கன்னா, அப்போ மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்கிட்ட எழுத்துல புகார் குடுங்க, தேதி போட்டு, என்ன வார்த்தை, யார் முன்னாடின்னு எழுதி.

வீட்டுக்குள்ள

மாமனார்கிட்ட சட்டம் பேசாதீங்க. அவர் பேரனை வெறுக்கல, நாப்பது வருஷம் கிளாஸ்ல சொல்லிப் பழகின நாக்கு. இந்தப் பிள்ளைங்களுக்கு கேலி எது நிஜம் எதுன்னு பிரிக்கிறது கஷ்டம், தாத்தா சொன்னா அது உண்மைன்னு தான் எடுத்துப்பாங்க, இதை மட்டும் உங்க கணவர் வாயால சொல்லச் சொல்லுங்க, மருமக சொல்றதை விட மகன் சொன்னா எடுபடும். அப்புறம் அவருக்கு ஒரு வேலை குடுங்க. படிப்பு சொல்லித்தர்றதை கொஞ்ச நாள் நிறுத்திட்டு, தினம் சாயங்காலம் பேரனோட கடைக்குப் போய் சில்லறை எண்ணச் சொல்லித்தரச் சொல்லுங்க, ஒரு ரூபா ரெண்டு ரூபா காசா இருபது வரைக்கும். நோட்டுப்புத்தகம் இல்லாத இடத்துல அவருக்கு கோவமும் வராது. கோவம் வந்தாலும் சொல்றதுக்கு ஒரு வரி முன்கூட்டியே வச்சுக்கட்டும், “சரி, மறுபடியும் எண்ணுவோம்”.

கொழுந்தனாரும் அதே வீட்ல தான் இருக்காருன்னு எழுதியிருக்கீங்க, அவர் இந்த வார்த்தையை 44 வருஷமா கேட்டிருப்பாருன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா? அவர் சர்டிபிகேட் பழைய காகிதம், பையனுக்கு விண்ணப்பிக்கும்போதே அவருக்கும் யூடிஐடிக்கு போட்டுடுங்க, அவரோட அப்பாவுக்கு வயசாகுது, சட்டப்படி கார்டியன் யாருங்கிறதை கலெக்டர் தலைமையில இருக்கிற லோக்கல் லெவல் கமிட்டியில இப்போவே பேசி முடிக்கிறது நல்லது.

அவன் கேட்ட கேள்வி

பதில் சொல்லாம விட்டதுக்காக உங்களை திட்டிக்காதீங்க, இன்னும் நேரம் இருக்கு. நீங்களா எடுத்துப் பேசுங்க, அவனை மடியில வச்சுக்கிட்டு, சின்ன சின்ன வாக்கியமா. “அன்னைக்கு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டியே. கோவம் வந்தா சிலர் சொல்ற வார்த்தை அது. உன் பேர் அது இல்ல. உனக்கு படிக்க கொஞ்சம் நேரம் ஆகும், அதுக்கு அம்மா உதவி பண்றேன். யாராவது சொன்னா அம்மாகிட்ட வந்து சொல்லு.” இவ்வளவு போதும். கிரேக்கம் எல்லாம் வேண்டாம். அவன் மறுபடியும் கேப்பான், ரெண்டு மூணு தடவை கேப்பான், ஒவ்வொரு தடவையும் இதே வார்த்தையில சொல்லுங்க, மாத்தாதீங்க. கடைசியில “அப்போ என் பேர் என்ன?”ன்னு கேட்டு சிரிப்பான், நிறைய பிள்ளைங்க அப்படித்தான் கேக்குறாங்க. அப்போ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.